மெழுகுவர்த்திப் பட்டறையில் ஒரு புதிய கணக்குப்பிள்ளை



1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலண்டன் மாநகரின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியற் கழகத்தில், மைக்கேல் பாரடே என்ற பேரறிஞர் இளஞ்சிறார்க்கென ஆறு சொற்பொழிவுகள் ஆற்றத் தொடங்கினார். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகி, பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியாக உயர்ந்தவர் அவர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் யாது தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தி! கெட்டியான மெழுகு அப்படியே எரிவதில்லை. அது உருகித் திரியின் நுண்ணிய துளைகள் வழியே மேலேறி, ஆவியாகி, அந்த ஆவியே சுடராகிறது என்பதைச் சோதனைகளாற் கண்முன் காட்டினார். 1861இல் அச்சொற்பொழிவுகள் நூலாகவும் வெளிவந்தன.

இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதும் ஒரு மெழுகுவர்த்திப் பட்டறையின் கதையே. அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்குரிய பங்கன்று.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, தன் வீட்டின் முன்னறையில் மெழுகுவர்த்தியும் ரெசின் பொருள்களும் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறாள். ரெசின் என்பது பளிங்கு போன்ற ஒரு திரவம். அதனுடன் கெட்டியாக்கி என்னும் மற்றொரு திரவத்தை உரிய அளவிற் கலந்து அச்சில் ஊற்றினால், சில மணி நேரத்தில் இறுகிக் கண்ணாடி போலாகிவிடும். உள்ளே உலர்ந்த பூக்களையும் இலைகளையும் பதித்து, பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, தம்ளர் வைக்கும் வட்டத் தட்டு என்று பலவும் செய்கிறாள்.

கைவேலையில் வல்லவள், ஆனால் கணக்கு வழக்கில் தளர்ச்சி. ஆகவே அவள் செயற்கை நுண்ணறிவுத் துணைவன் ஒன்றைத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டாள். 2022ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிப் பொதுமக்களிடையே விரைந்து பரவிய இக்கருவிகளை நீங்களும் அறிவீர்கள். கேட்டதற்கு விடை எழுதும், கடிதம் வரையும், கணக்கும் போடும். அதனை அவள் வேடிக்கையாகக் 'கணக்குப்பிள்ளை' என்றே அழைத்தாள்.

அக்கணக்குப்பிள்ளை நல்ல ஊழியம் செய்தது என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும். ஒரு மெழுகுவர்த்திக்கு மெழுகு, நறுமண எண்ணெய், திரி, கண்ணாடிக் கிண்ணம் எல்லாம் சேர்ந்து 90 ரூபாய் ஆகிறது என்றும், தான் 120 ரூபாய்க்கு விற்பதால் 30 ரூபாய் இலாபம் என்றும் அவள் எண்ணியிருந்தாள். 'உங்கள் உழைப்புக்குரிய கூலியைச் சேர்த்தீர்களா? பெட்டியும் மின்சாரமும் எங்கே?' என்று அது வினவிற்று. அவள் ஒரு நாளில் 40 மெழுகுவர்த்திகள் செய்வாள். நாட்கூலி 800 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றுக்கு 20 ரூபாய் ஆயிற்று. பெட்டிக்கும் மின்சாரத்துக்கும் 8 ரூபாய். அடக்க விலை 118 ரூபாய்! 30 ரூபாய் என்று மகிழ்ந்திருந்த இலாபம் 2 ரூபாயாகச் சுருங்கியது. தன் உழைப்பைத் தானே மதிக்காதிருந்ததை ஒரு கருவி சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

அதன் பின்னர் அவளுக்கு அதன்மீது அளவற்ற நம்பிக்கை உண்டாயிற்று. அங்கேதான் இடறல் நேர்ந்தது.

ஒரு திருமண வீட்டார் ரெசினால் ஆன வட்டத் தட்டுகள் 40 வேண்டுமென்றனர். அவள், 'விகிதம் 2க்கு 1, கலவை 300 கிராம் வேண்டும், எவ்வளவு எடுக்கட்டும்?' என்று கேட்டாள். 'ரெசின் 200 கிராம், கெட்டியாக்கி 100 கிராம்' என்று நொடிப்பொழுதில் விடை வந்தது. அவ்வாறே நிறுத்துக் கலந்து, வேளைக்கு 300 கிராமாக அச்சுகளில் வார்த்தாள். மூன்று நாளாகியும் ஒரு தட்டும் இறுகவில்லை. தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டது. திருமணத்துக்கு ஐந்தே நாள்.

என்னிடம் வந்து, "ஐயா, கருவி என்னை ஏமாற்றிவிட்டது" என்றாள். "டப்பாவின்மேல் என்ன எழுதியிருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன். எடுத்துப் படித்தாள். விகிதம் 2க்கு 1 என்பது உண்மை. ஆனால் அது கன அளவில்!

அவள் அளவுக் குவளையையும் தராசையும் கொண்டுவரச் செய்தேன். 100 மில்லிலிட்டர் ரெசின் 110 கிராம் நின்றது. அதே அளவு கெட்டியாக்கி 95 கிராம்தான். ஆகவே கன அளவில் 2க்கு 1 என்பது எடையில் 220க்கு 95 ஆகும். 300 கிராம் கலவைக்கு ஏறக்குறைய 210 கிராம் ரெசினும் 90 கிராம் கெட்டியாக்கியும் வேண்டும். அவளோ 10 கிராம் கெட்டியாக்கியை மிகுதியாகச் சேர்த்துவிட்டாள். இவ்விரண்டும் குறித்த விகிதத்திற் கூடினால்தான் வேதிவினை முற்றுப்பெறும். ஒன்று மிகுந்தால் மிகுந்தது துணையின்றி நின்று பிசுபிசுக்கும்.

கருவி போட்ட கணக்கிற் பிழையில்லை. எடையா, கன அளவா என்று அவள் சொல்லவில்லை. அதுவும் திருப்பிக் கேட்கவில்லை. ஏராளமான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டு, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து விடை அமைப்பது அதன் இயல்பு. அவள் மேசைமீதிருந்த டப்பாவை அது கண்டதில்லை. பிசுபிசுப்பைத் தொட்டு உணர்ந்ததுமில்லை. ஐயத்துக்கு இடமானதையும் உறுதியான குரலிலேயே கூறிவிடும்.

அப்படியானால் பிழை யாருடையது? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவளுக்கு 'அடர்த்தி' என்னும் பாடத்தை நடத்தியவன் நானே. எடையைக் கன அளவால் வகுக்க வேண்டும் என்ற சூத்திரத்தைப் பத்து முறை எழுதச் செய்தேன். தேர்வில் அவள் முழு மதிப்பெண்ணும் பெற்றாள். ஆனால் ஒரு நாளேனும் அவள் கையில் தராசைக் கொடுத்தேனா? இல்லை. பாரடே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிக் காட்டினார்; நான் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். புத்தகத்தின் இறுதியில் உள்ள விடையைப் பார்த்து எழுதும் பழக்கத்தை நான் வளர்த்தேன். இன்று விடைப்பகுதி கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வேறுபாடு அவ்வளவே.

அவள் சோர்ந்துவிடவில்லை. புதிதாக அளந்து, முதலில் ஒரே ஒரு தட்டை வார்த்துச் சோதித்து, அது இறுகக் கண்டபின் எஞ்சியவற்றையும் செய்து, திருமணத்துக்கு முதல் நாள் மாலை ஒப்படைத்தாள். இலாபம் போயிற்று, வாக்குப் பிழைக்கவில்லை. கணக்குப்பிள்ளையை அவள் விலக்கிவிடவுமில்லை. சரக்கு இருப்பும் கடிதமும் அதன் பொறுப்பு. அளவு, வெப்பம், நெருப்பு ஆகிய மூன்றில் மட்டும் டப்பாவின் குறிப்பும் தராசும் வெப்பமானியும் சொல்வதே முடிவு. உருகிய மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும் என்பதை எந்தக் கருவியையும் கேளாமலே அறிந்திருக்க வேண்டுமல்லவா?

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பணியாளை ஆராய்ந்து, அவனுக்கு ஏற்ற வேலையை அறிந்து ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. புதிய பணியாளுக்கும் அது பொருந்தும்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு வேலை. 100 மில்லிலிட்டர் தேங்காயெண்ணெய் எத்தனை கிராம் இருக்கும் என்று அக்கருவியைக் கேளுங்கள். பிறகு சமையலறையிலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ அளந்து, நிறுத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மகிழுங்கள். ஒவ்வாவிட்டால் காரணத்தைத் தேடுங்கள். நான் கொடுக்கத் தவறிய பாடம் அதுதான்.