எழுதிய வரிசையில்தான் இயங்குமா?

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்துகிறேன். நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

"கணினி நாம் எழுதிய வரிசையில், வரிவரியாகத்தான் செய்யும்" என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பொறியியல் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் பொங்கல் விடுமுறையில் மடிக்கணினியோடு வந்தார். சி மொழியில் சிறு நிரல். ஒரு மாறி பூச்சியமாக இருக்கும்வரை மடக்கு சுற்றிக்கொண்டிருக்கும், கண்ட்ரோல்-சி அழுத்தினால் வேறொரு செயற்கூறு அதை ஒன்றாக்கும், மடக்கு நிற்கும். சாதாரணமாகக் கம்பைல் செய்தபோது நின்றது. வேகத்தைக் கூட்டும் தேர்வோடு கம்பைல் செய்தபோது நிற்கவே இல்லை. "நீங்க சொன்ன மாதிரி நடக்கலையே சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

மடக்குக்குள் அந்த மாறியை யாரும் மாற்றவில்லை என்று கம்பைலர் பார்க்கிறது. ஒருமுறை படித்தால் போதும் என்று முடிவு செய்கிறது. மாறியின் பக்கம் வோலடைல் என்ற சொல்லைச் சேர்த்ததும் நிரல் நின்றது.

இயங்குதளத்தின் கெர்னலில் இதுவே பெரிய சிக்கல். நம் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். "மதிப்பெண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள், பிறகு 'தயார்' பலகையை மாட்டுங்கள்" என்கிறோம். உதவியாளர், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நினைத்து, போகிற வழியில் பலகையை முதலில் மாட்டிவிடுகிறார். தனியாக வேலை செய்தால் நட்டமில்லை. ஆனால் பலகையைப் பார்த்துப் பெற்றோர் உள்ளே வந்தால்? பதிவேடு காலி. கெர்னலில் அந்தப் பெற்றோர்தான் குறுக்கீடும் மற்றொரு செயலியும்.

இதைத் தடுக்க லினக்ஸ் கெர்னலில் பேரியர் என்றொரு மேக்ரோ உண்டு. உள்ளே வெற்று அசெம்பிளி வரிதான். செயலிக்கு ஒரு கட்டளைகூடப் போகாது. "இந்த இடத்தில் நினைவகம் மாறியிருக்கலாம், படிப்பதையும் எழுதுவதையும் இந்தக் கோட்டைத் தாண்டி நகர்த்தாதே, கையில் வைத்திருக்கும் பழைய மதிப்பை நம்பாதே" என்று கம்பைலருக்கு மட்டும் சொல்கிறது. ஒரே மாறியை மட்டும் காக்க ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் இருக்கின்றன.

அதோடும் முடியவில்லை. கம்பைலர் ஒழுங்காக இருந்தாலும் செயலியே வரிசையை மாற்றலாம். இன்டெல் வகைச் செயலிகள் சாதாரணமான இரண்டு எழுத்துகளை மற்றச் செயலிகளுக்கு வரிசை மாற்றிக் காட்டுவதில்லை. நம் கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் செயலிகள் காட்டக்கூடும். அங்கே செயலிக்கே தடைக் கட்டளை வேண்டும். எழுதும் பக்கம் ஒன்று, படிக்கும் பக்கம் ஒன்று என்று இணையாக வேண்டும். பலகையைப் பார்க்கும் முன்பே பதிவேட்டைப் புரட்டியவருக்கு, மாட்டியவர் ஒழுங்காக மாட்டியும் பயனில்லை அல்லவா?

பதினொன்றாம் வகுப்புக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்பீர்கள். தேவையில்லை. ஆனால் பொய்யும் தேவையில்லை. இப்போது கரும்பலகையில் இப்படி எழுதுகிறேன்: "நிரல் தனியாக ஓடும்போது, எழுதிய வரிசையில் செய்தால் என்ன விடை வருமோ அதே விடை வரும்." பழைய வாக்கியத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். "தனியாக இல்லாவிட்டால் என்ன சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கிறது. அந்தக் கேள்விக்கு இடம் விட்டாலே போதும்.