விலையேற்றமும் வீட்டு அடுப்பும்

டீசல் விலை ஏறினால் காய்கறி விலையும் கூடவே ஏறுகிறது. கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் லாரி வாடகையும் அடக்கம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் அதை 60 ரூபாய்க்கு விற்றது. அத்தகைய நாட்களில் புளியும் மோரும் கைகொடுக்கும். வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகு ரசம் எதற்கும் தக்காளி தேவையில்லை. கோடையில் மலிவாகக் கிடைக்கும் கத்தரியையும் கொத்தவரங்காயையும் வற்றல் போட்டு வைத்த வீட்டுக்கு ஐப்பசி மழையில் கவலை குறைவு.

பெரிய மிச்சம் அடுப்பில்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கொதித்த பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் காஸ் வீணாக ஆவியாகப் போகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டாலே பண்டம் அதே வேகத்தில் வேகும். கொண்டைக்கடலையை முந்தைய இரவே ஊறப்போட்டால் குக்கரில் பாதி நேரம் மிச்சம். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தால், பர்னர் துளைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும். சுத்தம் செய்யாவிட்டால் காஸும் வீண், பாத்திரமும் கரி.

வாங்கும் இடத்திலும் மிச்சம் உண்டு. 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் இடைத்தரகர் இல்லை. ரேஷனில் அரிசி விலையின்றியும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. அட்டை இருந்தும் வாங்காமல் விடும் குடும்பங்கள் இந்த மாதமே வாங்கத் தொடங்கலாம்.