நிலவேம்பு: கசப்புக்கும் ஓர் அளவு

டெங்கு பரவும் காலம் வந்தால், தமிழ்நாட்டில் பேருந்து நிலையத்திலும் பள்ளி வாசலிலும் எவர்சில்வர் அண்டா வந்து உட்கார்ந்துவிடும். வரிசையில் நிற்பவர் டம்ளரை வாங்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி நகர்வார். 2006இல் சிக்குன்குனியா மூட்டுகளை முடக்கியபோதும், 2012இல் டெங்கு பரவியபோதும் பலர் நாடிப் போன நிலவேம்புக் குடிநீர்தான் அது.

பெயரில் வேம்பு இருந்தாலும் வேப்பமரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இது ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்த சிறுசெடி. தண்டை உருட்டினால் நான்கு விளிம்பும் விரலில் தட்டுப்படும். வெள்ளைப் பூவில் ஊதாக் கீற்று ஓடும். இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால், வெல்லம் தின்றாலும் கசப்பு லேசில் போகாது. கசப்பின் வேர் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள். அழற்சியைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

சித்த மருத்துவக் குடிநீரில் நிலவேம்பு தனியாக வருவதில்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என எட்டுச் சரக்குகள் துணைக்கு உண்டு. ஐந்து கிராம் சூரணத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டு, நாலில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, சூடு ஆறுமுன் குடிக்க வேண்டும். காலையில் காய்ச்சியதை ராத்திரிக்கு எடுத்து வைப்பது கூடாது.

சளி, தொண்டை வலிக்கு இது ஓரளவு ஆறுதல் தருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பல சிறியவை. தாய்லாந்தில் ‘ஃபா தலாய் சோன்’ என்ற பெயரில் கொரோனா காலத்தில் லேசான தொற்றுக்குக் கொடுத்தார்கள். டெங்குவைக் குணமாக்கும் என்று அடித்துச் சொல்ல மட்டும் இன்னும் போதிய சான்று சேரவில்லை.

2017 அக்டோபரில், ஆய்வு முடியும்வரை இதை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தம் இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டதும் சர்ச்சை வெடித்தது. ஆண்மைக்குக் கேடு என்ற பேச்சும் பரவியது. எலிகளிடம் நடந்த சில ஆய்வுகள் விந்தணு குறைவதாகச் சொன்னது உண்மை. அப்படி ஒன்றும் இல்லை என்ற ஆய்வுகளும் உண்டு. சண்டை அதிலேயே சுற்றியதில், வரிசையில் நிற்பவர் யார் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. சர்க்கரைக்கோ, ரத்த அழுத்தத்துக்கோ, ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. அண்டாவில் கரண்டி போடுகிறவர் இதையெல்லாம் எங்கே விசாரிப்பார்? மருந்தைப் பானகம்போல் வழங்குவதில் உள்ள சிக்கலே இதுதான். அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் வரலாம் என்று ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015இல் எச்சரித்திருக்கிறது.

டெங்குவின் ஆபத்தோ பெரும்பாலும் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் தலைகாட்டும். கசாயம் கேட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகும் நேரமும் அதுவே. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, அளவுமீறிய சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும், நேயர்களே, அடுப்பில் இருக்கும் கசாயத்தை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.