வீட்டுக் கணினியின் சாவி யார் கையில்?

(பள்ளிவாசல்துறைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



வீட்டுக் கணினியைப் பற்றிப் பேசுவதற்கு அரசியல் மேடை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். உரிமை பற்றிய வினா எங்கே எழுகிறதோ, அங்கே அரசியலும் வந்துவிடுகிறது. அவ்வினா இன்று நம் வீட்டு மேசையின் மேலேயே எழுந்துள்ளது.

2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை, மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திற்று. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு ஓராண்டு நீட்சி தருவதாகவும் அறிவித்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், நிறுவனம் குறித்துக்கொடுத்த செயலி வரிசைகளுள் ஒன்றும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. 2017க்கு முன் வாங்கிய கணினிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அக்கதவு அடைபட்டது. திரை ஒளிர்கிறது, விசைகள் இயங்குகின்றன, பிள்ளை பாடம் படிக்கிறது, தகப்பன் வெங்காயக் கணக்கு எழுதுகிறான். ஆயினும், கடல் கடந்த நிறுவனமொன்று “இதன் காலம் முடிந்தது” என்று தீர்ப்புக் கூறுகிறது!

புதியது வாங்கு என்கிறார்கள். எதைக் கொடுத்து வாங்குவது? 2022இன் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்குச் சுமார் 200 ரூபாவாக இருந்த விலை, சில மாதங்களுள் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் அனுபவித்தோம். பசளைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்களுக்கு, வேலை செய்யும் கணினியை எறிந்துவிட்டு டொலர் விலையில் வேறொன்று வாங்கச் சொல்வது அறமாகுமா? வாங்க வழியற்றவன் கடையிலே அனுமதியற்ற பிரதியொன்றைப் போட்டுக்கொள்கிறான். அப்பிரதியினுள் எவன் எதைப் புகுத்தி வைத்தான் என்பதை அவன் அறியான். இதுவோ தீர்வு?

தோழர்களே! வள்ளத்து எஞ்சின் நின்றுபோனால் நாம் என்ன செய்கிறோம்? கரையிலே கழற்றி வைத்துப் பார்க்கிறோம். நமக்குத் தெரியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கை அழைக்கிறோம். “மூடியைத் திறக்கக்கூடாது, திருத்தக்கூடாது, அயலவனுக்குக் கொடுக்கக்கூடாது” என்ற நிபந்தனையோடு ஒருவன் எஞ்சின் விற்க வந்தால், அவனை வந்த வழியே அனுப்பிவிடுவோம். கணினியின் இயங்குதளத்திலோ, அதே நிபந்தனைகளை “ஏற்கிறேன்” என்ற பொத்தானை அழுத்தி நாமே ஏற்றுக்கொண்டோம்.

இந்தப் பூட்டை மறுத்தவர் உண்டு. 1983 செப்டெம்பர் 27ஆம் நாள், அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தபோது முழு இயங்குதளம் பிறந்தது. அதன் உரிமைகள் நான்கு: எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைத் திறந்து கற்கலாம், பிறருக்குப் பகிரலாம், திருத்தி, திருத்தியதையும் பகிரலாம்.

இலவசமாய் வருவதற்குத் தரம் ஏது என்று ஏளனம் செய்வோர்க்கு இரண்டு விடைகள். உலகின் அதிவேகக் கணினிகள் ஐந்நூறின் பட்டியலில், 2017 நவம்பர் தொட்டு இடம்பெற்ற அத்தனையும் லினக்ஸிலேயே இயங்கின. உங்கள் சட்டைப்பையிலுள்ள அண்ட்ரொய்ட் தொலைபேசியின் கருவும் லினக்ஸே!

நம் நாட்டுச் சான்றும் உண்டு. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து ஒழுங்குசெய்ய, இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. எவரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. துயரத்திலே பிறந்த நம்மவர் உழைப்பு, பிறர் துயர் துடைக்கச் சென்றது.

தமிழின் நிலையையும் எண்ணுங்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. ஏட்டில் ஏறிய உரிமை அலுவலக மேசைக்கு வர நாம் இன்னும் போராடுகிறோம். தனியார் நிறுவனமும் தன் இயங்குதளத்தில் தமிழைத் தரத்தான் செய்கிறது. ஆனால், கொடுப்பதும் நிறுத்துவதும் அதன் விருப்பம். கட்டற்ற இயங்குதளத்தில் தமிழ்ச் சொல்லொன்று பிழையானால், நம் ஆசிரியர் ஒருவரே திருத்தம் எழுதி அனுப்பலாம். அங்கே நாம் உரிமையாளர். இரந்து நிற்போர் அல்லர்.

இடர்களை மறைத்து உங்களை அழைக்க நான் விரும்பவில்லை. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருள்கள் சில இதில் ஓடமாட்டா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிய பின்னும், 2017இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. கேரளமோ ஆசிரியர்களுக்கு முதலிற் பயிற்சி கொடுத்து, அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளிலே நிலைநிறுத்தியது. பொறியை மாற்றினால் மட்டும் போதாது, மனிதரைப் பழக்கவேண்டும்.

எனவே, படிப்படியாகச் செல்லுங்கள். முதலிலே படங்கள், கணக்குகள், கடிதங்கள் யாவற்றையும் வேறொரு வட்டிலே பிரதி எடுத்துவையுங்கள். அடுத்து, லினக்ஸ் மின்ற் போன்ற ஒன்றை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதுங்கள். அதைச் செருகிக் கணினியைத் தொடக்கினால், உள்ளே இருப்பதைத் தொடாமலே புதியதை ஓட்டிப் பார்க்கலாம். இணையம் வருகிறதா, அச்சுப்பொறி இயங்குகிறதா, தமிழ் தட்டச்சாகிறதா என்று சோதியுங்கள். நிறைவு ஏற்பட்ட பின்னரே நிறுவுங்கள். ஐயமிருந்தால், விண்டோஸை ஒருபக்கம் வைத்து இரண்டையும் அருகருகே நிறுவலாம். மின்ற் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினிக்கு எக்ஸ்எப்சிஈ என்னும் இலகுப் பதிப்புப் போதும். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரே ஒபிஸ் அதனுடனேயே வருகிறது.

இளைஞர்களே! ஊருக்கு இருவர் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றதை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். மற்றவர் பூட்டிய வீட்டில் வாடகைக்கு இருந்தது போதும். சாவியை நம் கையில் வாங்குவோம்!