தண்ணிக்கு அடியில மேற்கு எது?

போன எபிசோட்ல ஸ்கூபா பத்திப் பேசினதும் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "கடலுக்கு அடியில வழி எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அதுக்கு எந்த வாட்ச் வாங்கலாம்?" இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப்போறோம்.

எனக்கு ஊர் காஞ்சிபுரம் பக்கத்துல ஐயம்பேட்டை. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன், கடல் கேட்டு வளர்ந்தவன் இல்லை. அதனால இதெல்லாம் எனக்கும் முதல்ல புதுசாத்தான் இருந்தது.

முதல் விஷயம்: தண்ணிக்கு அடியில ஜிபிஎஸ் வேலை செய்யாது. செயற்கைக்கோள்ல இருந்து வர்ற ரேடியோ அலையை உப்புத்தண்ணி சில சென்டிமீட்டருக்குள்ளேயே உறிஞ்சிடும். டைவ் வாட்ச்ல ஜிபிஎஸ் இருக்கேன்னு கேட்பீங்க. நீங்க இறங்கின இடத்தையும் மேல வந்த இடத்தையும்தான் அது குறிச்சு வைக்கும். நடுவுல போட்டுக் காட்டுற பாதை பெரும்பாலும் ஒரு கணிப்புதான்.

சரி, படகு எஞ்சின் சத்தத்தை வெச்சுத் திரும்பலாமா? அதுவும் கஷ்டம். ஒலி தண்ணியில நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்துல போகும். காத்துல போறதை விட நாலு மடங்குக்கும் மேல. ரெண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்து சேர்றதால, சத்தம் எந்தப் பக்கம்னு மூளைக்குத் தெரியாது. படகு பக்கத்துல இருக்குன்னு மட்டும் தெரியும்.

மிச்சம் இருக்கிறது காம்பஸ். பாண்டிச்சேரி, கோவளம், மாமல்லபுரம்னு நம்ம கிழக்குக் கரையில டைவ் பண்றவங்களுக்கு ஒரு வசதி இருக்கு: மேற்கே போனா கரை. இறங்குறதுக்கு முன்னாடி அதை மனசுல பதிச்சுக்கணும். மணல்ல இருக்கிற அலைவரிகளும் பெரும்பாலும் கரைக்கு இணையாத்தான் ஓடும். தரை மேடாகுதா, பள்ளமாகுதான்னு ஆழமானி சொல்லிடும்.

காம்பஸ் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. பூமியோட காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியா போகுது. ஐரோப்பாவுக்குன்னு எடை சரிக்கட்டின காம்பஸ் முள் இங்கே ஒரு பக்கம் சாய்ஞ்சு சிக்கலாம். நம்ம பகுதிக்கு ஏத்ததான்னு கேட்டு வாங்குங்க. அதைக் காந்த ஸ்விட்ச் வெச்ச டார்ச், இரும்பு சிலிண்டர் இதுக்கெல்லாம் பக்கத்துல கொண்டுபோகாதீங்க.

இப்போ கணக்கு. காம்பஸ்ல 5 டிகிரி பிசகினா, 100 மீட்டர் போனதும் கிட்டத்தட்ட 9 மீட்டர் தள்ளிப் போயிருப்பீங்க. எங்க ஊர்ல பாவு நீட்டுறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும்: இந்த முனையில ஒரு விரல் சாய்ஞ்சா, அந்த முனையில கோணல் கண்ணுக்கே தெரியும். நம்ம கடல்ல கலங்கல் நாள்னா 5 மீட்டர் தள்ளி இருக்கிறதே தெரியாது. அப்போ அந்த 9 மீட்டர்ல நங்கூரக் கயிறு உங்க கண்ணுக்குப் படாமலே போயிடும்.

இதை விடப் பெரிய ஆபத்து நீரோட்டம். வடகிழக்குப் பருவமழை காலத்துல நம்ம கரையோரம் அது பொதுவா தெற்குப் பக்கம் இழுக்கும். அரை நாட் வேகம்னாலே நிமிஷத்துக்கு 15 மீட்டர். நீங்க 5 நிமிஷம் சரியா மேற்கே பார்த்து நீந்தினாலும், 75 மீட்டருக்கு மேல தெற்கே போயிருப்பீங்க. காம்பஸ் பொய் சொல்லலை. நீங்க எந்தப் பக்கம் பார்க்கிறீங்கன்னுதான் அது சொல்லும், எங்கே இருக்கீங்கன்னு சொல்லாது. மேல வந்து பார்த்தா படகு தூரத்துல, அலைக்கு நடுவுல உங்க தலை மட்டும். படகுக்காரர் கண்ணுக்கு அது தேங்காய் மாதிரிதான் தெரியும்.

இதுக்குத் தொழில்நுட்பம் இல்லாம இல்லை. படகுல இருந்து ஒரு ஒலிக்கருவியைத் தொங்க விடுவாங்க. உங்க கையில இருக்கிற கருவி அதோட ஒலியைக் கேட்டு, படகு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு காட்டும். காதால முடியாததைக் கருவி செய்யுது. நல்ல விஷயம்தான். ஆனா விலை அதிகம், நடுவுல பாறை வந்தா சிக்னல் தடுமாறும், பேட்டரியும் தீரும்.

2002-ல கோவாவில இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனம், ஒரு பிரிட்டிஷ் குழுவோட சேர்ந்து மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கு எதிர்ல கடலுக்கடியில ஆய்வு பண்ணினாங்க. அங்கே எங்கே இறங்கிப் பார்க்கணும்னு உள்ளூர் மீனவர்களுக்கும் தெரிஞ்சிருந்தது. கோபுரம், பனைமரம்னு கரையில ரெண்டு அடையாளத்தை நேர்கோட்டுல வெச்சு இடம் பிடிக்கிறது அவங்களோட பழைய கணக்கு.

அதனால என் பரிந்துரை இந்த வரிசைதான். முதல்ல காம்பஸ் பயிற்சி. அடுத்து, 30 மீட்டருக்கு எத்தனை தடவை கால் உதைக்கிறீங்கன்னு எண்ணி வெச்சுக்குங்க. மூணாவது, ஊதி மேலே அனுப்புற ஆரஞ்சு மிதவையும் விசிலும். டைவைத் தொடங்கும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்க, திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும். இவ்வளவும் பழகின பிறகு காசு இருந்தா கருவி வாங்குங்க. அது நின்னுபோனாலும் மேற்கு எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த வாரம் பேசலாம்.