சொட்டு மருந்தும் குடல் அமிலமும்

போலியோ சொட்டு மருந்து வேலை செய்யும் இடம் குடல். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் அதே இடம்தான். ஆனால் ஒரே மருந்து எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே பலனைத் தருவதில்லை. 1970-களிலேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான் போலியோ சொட்டு மருந்தில் இதைக் கண்டறிந்தார். பணக்கார நாடுகளில் மூன்று தவணையில் கிடைத்த பாதுகாப்பு, இங்கே பல குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

காரணங்கள் பல. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு வைரஸ்கள், ஊட்டச்சத்துக் குறைவு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள். இப்போது ஆராயப்படும் இன்னொன்று, குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள்.

கொழுப்பு என்றாலும் இவை எண்ணெயோ நெய்யோ அல்ல. மிகச் சிறிய அமிலங்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும் அவற்றில் ஒன்று. இட்லி மாவு இரவில் புளிப்பது போல, உடலால் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. அப்போது பிறப்பவைதான் இந்த அமிலங்கள். கைக்குழந்தைக்கு நார்ச்சத்து ஏது? தாய்ப்பாலில் உள்ள தனிவகைச் சர்க்கரைகள் அந்த வேலையைச் செய்கின்றன.

இந்த அமிலங்கள் குடல் சுவருக்கு எரிபொருள். எதிர்ப்பொருள் சுரக்கும் செல்களுக்கும் ஊக்கம். எலிகளில் இது நன்றாகவே தெரிந்தது. நார்ச்சத்து குறைந்த தீனியால் எதிர்ப்பொருள் குறைந்தது. குடிநீரில் அமிலத்தைக் கலந்து கொடுத்ததும் கூடியது. அளவு மீறினாலோ, இதே அமிலங்களில் சில எதிர்ப்பொருளை அடக்கவும் செய்கின்றன. சொட்டு மருந்தோடு அமிலத்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.