கால்பந்தும் கடவுச்சீட்டும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் சினிமாவைப் பற்றிப் பேசுவதா என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். நான் எடுத்துக்கொண்ட படம், ஒரு கல்லூரியையும் அதன் பக்கத்துச் சேரியையும் பிரிக்கும் மதிற்சுவரைப் பற்றியது. ஆகவே அது நமக்குப் புறம்பானதன்று.

முதலில் வேறொரு படத்தைச் சொல்லிவிடுகின்றேன். 2005இல் வெளிவந்த ‘கோல்’ என்னும் ஆங்கிலப் படத்தை நம் இளைஞர் பலர் பார்த்திருப்பர். மெக்சிகோவிலிருந்து சிறுவனாக எல்லை கடந்து வந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தந்தையோடு தோட்ட வேலை செய்யும் சாந்தியாகோ என்பவன், இங்கிலாந்தின் நியூகாசில் அணியில் இடம்பெறும் கதை அது. விறுவிறுப்பான படந்தான். ஆயினும் ஒரு செய்தியை அது விரைந்து கடந்து செல்கின்றது. அவனிடம் முறையான குடியேற்றத் தாள்கள் இல்லை. பாட்டி பணம் தேடித் தருகின்றாள். சிறிது நேரத்தில் அவன் இங்கிலாந்தில் நிற்கின்றான். தாள் இல்லாத ஏழை கடல் கடப்பது அத்துணை எளிதா?

அந்த இடத்தில் நின்று நிதானமாகப் பேசும் படம் நம் நாட்டில் 2022 மார்ச்சில் வெளிவந்தது. ‘ஜுண்ட்’ என்பது அதன் பெயர். மந்தை என்று பொருள். இயக்கியவர் நாகராஜ் மஞ்சுளே. கிணறு வெட்டியும் கல்லுடைத்தும் பிழைத்த ஒட்டர் மக்களை நம் கொங்கு நாட்டில் அறிவீர்கள். மராட்டியத்தில் அம்மக்களிடையே, கல்லுடைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் இவர். ‘ஃபன்றி’, ‘சைராட்’ ஆகிய படங்களால் முன்னரே பெயர் பெற்றவர்.

படத்திற்கு மூலம் உண்மைக் கதை. நாகபுரி ஹிஸ்லாப் கல்லூரியில் விளையாட்டு ஆசிரியராக இருந்த விஜய் பார்சே, 2001இல் ஒரு மழைநாளில், சேரிச் சிறுவர்கள் உடைந்த வாளி ஒன்றைப் பந்தாக உதைத்து ஆடுவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே அவருடைய சேரிக் கால்பந்து இயக்கம். வீடற்றோர் உலகக் கோப்பை என்றொரு போட்டி 2003இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தொடங்கிற்று. அணிக்கு நால்வர்; பதினான்கு நிமிட ஆட்டம். அதற்கும் இவ்வியக்கத்தினர் சென்றனர். படத்தில் ஆசிரியராக நடிப்பவர் அமிதாப் பச்சன். சேரி இளைஞர்களாக நடித்தோர் பலர், நாகபுரியின் குடிசைப் பகுதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

ஆசிரியர் முதலில் அறிவுரை கூறுவதில்லை. அரை மணி நேரம் ஆடினால் ஐந்நூறு ரூபாய் என்கின்றார். பையன்கள் நாள்தோறும் ஆடிப் பணம் பெறுகின்றனர். ஒரு நாள் பணம் இல்லை என்கின்றார். அதற்குள் ஆட்டம் அவர்களைப் பற்றிக்கொண்டுவிட்டது. கல்வி நடத்துவோர் இக்காட்சியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நம் மாலைப் பள்ளிக்குப் பிள்ளைகள் முதலில் வந்தது சுண்டலுக்காகவா, கணக்குக்காகவா என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும்!

1956 அக்டோபர் 14இல் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நகரம் நாகபுரி. அந்நகரின் சேரியில் அண்ணல் பிறந்தநாள் விழா ஆட்டமும் பாட்டமுமாக நடைபெறுகின்றது; அவர் படத்தின்முன் பச்சன் கைகூப்பி நிற்கின்றார். இந்தித் திரையில் அத்தகைய காட்சி அரிது. அதற்காகவே கைதட்டியோர் உண்டு. எனக்கோ அதனினும் பெரிதாகப் பட்டது வேறு.

விளையாட்டுப் படங்களில் பெரிய ஆட்டம் இறுதியில் வரும். கதாநாயகன் பந்தை அடிப்பான், நாம் மகிழ்ந்து வீடு திரும்புவோம். இப்படத்திலோ கல்லூரி அணியைச் சேரி அணி வெல்லும் ஆட்டம் முற்பாதியிலேயே முடிந்துவிடுகின்றது. எஞ்சிய நேரமெல்லாம் எதிராளி யார்? கடவுச்சீட்டு! மோனிகா என்னும் கோண்டுப் பழங்குடிப் பெண் நன்றாக ஆடுவாள். தான் இன்னாரென்று மெய்ப்பிக்க ஒரு தாள் இல்லை. தந்தையும் மகளும் வாசல் வாசலாக ஏறி இறங்குகின்றனர். டான் என்னும் இளைஞன்மீது காவல்துறை வழக்கு. பந்தடித்த கால்கள் அலுவலகப் படிகளில் தேய்வதைப் பொறுமையாகக் காட்டுகின்றார் இயக்குநர். படம் நீளம் என்று குறை கூறியோர் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருந்தவர்களுக்கு அந்த நீளம் புதிதன்று. ஆனைமலை அடிவாரத்து மலசரும், மேட்டுப்பாளையம் பகுதி இருளரும் பழங்குடிச் சான்றிதழுக்குப் படும் பாட்டை அறிந்தவர்கள் மோனிகாவைத் தம் பக்கத்து வீட்டுப் பெண்ணாகவே காண்பர்.

குறையொன்றும் சொல்ல வேண்டும். கைதூக்கிவிட வெளியிலிருந்து ஒரு பெரியவர் வரவேண்டும் என்ற எண்ணத்தைப் படம் சற்று வளர்க்கின்றது. சேரியிலிருந்தே எழுந்த ஆசிரியர், அமைப்பாளர் எவரையும் அது போதிய அளவு காட்டவில்லை. இச்சங்கத்தின் வரலாற்றை அறிந்த நமக்கு அது உறுத்தவே செய்யும்.

திடலில் சாதி ஏது, திறமை இருந்தால் போதும் என்பாரும் உளர். அவர்கள் பல்வங்கர் பாலுவின் வாழ்வைப் படிக்கட்டும். புனேயில் வெள்ளையர் சங்கத்தில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளத்தை உருட்டிச் செப்பனிட்ட சாமர் குலத்து இளைஞர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் கிரிக்கெட் அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தகையவருக்குப் புனே இந்து அணியினர் தேநீரை மண்டபத்திற்கு வெளியே, தனி மண்குவளையில் கொடுத்தனர். இரட்டைக் குவளையைக் கண்ட கொங்கு நாட்டாருக்கு இதற்கு உரை வேண்டா. அவருடைய தம்பி விட்டல், 1923இல் பம்பாய்ப் போட்டியில் இந்து அணிக்கே தலைவரானார். அதற்கும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

மதிலுக்கு வருகின்றேன். படத்தின் முடிவில், இளைஞர்கள் ஏறிச் செல்லும் விமானம் சேரிக்கு மேலே பறக்கின்றது. கீழே மதிற்சுவர், தாண்டக்கூடாது என்ற எச்சரிக்கை எழுத்து அதில் அப்படியே இருக்கின்றது. அக்காட்சியைக் கண்டபோது மேட்டுப்பாளையம் நடூர் என் நினைவிற்கு வந்தது. 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், மழையில் ஊறிய உயர்ந்த மதில் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த நம் மக்கள் 17 பேரைக் கொன்றது. சிலர் பறக்கின்றனர், சுவர் நிற்கின்றது. படம் இதை மறைக்கவில்லை.

இளைஞர்களே, படத்தை இன்று மாலை இங்கேயே திரையிடுகின்றோம். மொழி இந்திதான், கதை விளங்கும். அதற்குமுன் ஒரு வேலை உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு பெறப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்தநாளுக்குச் சான்று, வேறெதுவும் செல்லாது. தங்கைக்கோ அண்ணன் பிள்ளைக்கோ அது இல்லையெனில் இன்றே சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ் பெறாத மாணவர்களும் தயங்க வேண்டா. பின்வரிசையில் நம் கல்லூரி மாணவர் நால்வர் மேசை போட்டு அமர்ந்துள்ளனர். விண்ணப்பம் எழுதித் தருவர். பழைய குடும்ப அட்டையோ, பெற்றோரின் பள்ளி மாற்றுச் சான்றிதழோ, எது வீட்டில் இருந்தாலும் எடுத்து வாருங்கள்.